ஆக்கியோன் வாக்கு அருள்வாக்கா?

விலை கொடுத்து வாங்கிய பொருள் யாருக்குச் சொந்தம்? வாங்கியவனுக்கு என்பீர்கள். மறுக்கவில்லை நாம். ஆனால், வாங்கியவன் அதைத் திறந்து பார்க்கலாமா? பிரித்து மாட்டலாமா? ஆக்கியவன் வைத்த உறுப்பை அகற்றிவிட்டு, தன் தேவைக்கேற்ற வேறோர் உறுப்பைப் பொருத்தலாமா? இங்கேதான் கருத்து இரண்டாகப் பிளக்கிறது. 'ஆக்கியவன் அறியாததையா நீ அறிந்துவிட்டாய்? கை வைக்காதே!' என்று அதட்டுகிறது ஒரு குரல். 'என் பணம், என் பொருள், என் விருப்பம். கேட்க நீ யார்?' என்று சீறுகிறது மற்றொரு குரல். முன்னது அடக்கம்போலத் தோன்றும். பின்னது உரிமைபோல ஒலிக்கும். இரண்டிலுமே சிந்தனை இல்லை என்பதுதான் நாம் கூற வந்தது.

இதை விளக்க நாம் கோயிலையோ குலத்தையோ எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு சிறு மோட்டார் வண்டியை எடுத்துக்கொள்கிறோம். 'மோட்டாரில் என்ன அறநெறி?' என்று நகைக்க வேண்டாம், தோழர்களே! நாள்தோறும் தெருவில் ஓடும் பொருளைத் தொடாத அறம், ஏட்டில் மட்டும் இருந்து யாருக்கு என்ன பயன்?

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் கண்முன் தோன்றுவது கோமான் வீட்டுக் கொட்டகை. விரைவும் வனப்பும் செல்வர்க்கு. உழைப்பவனுக்கு உருண்டால் போதும் என்பது உலகத்தின் நெடுநாள் எண்ணம். அந்த எண்ணத்தை அசைத்த வண்டிகளுள் ஒன்று ஜப்பானின் ஹிரோஷிமா நகரிலிருந்து வந்தது. மஸ்தா நிறுவனம் 1920-இல் தக்கை செய்யும் தொழிலாகத் தொடங்கியது. 1931-இல் மூன்று சக்கரச் சரக்கு வண்டி செய்யத் துணிந்தது. 1945 ஆகஸ்டு 6-இல் அணுகுண்டு அந்நகரைச் சாம்பலாக்கிய பின்னும், அதே ஆண்டு டிசம்பரில் மீண்டும் வண்டி செய்யத் தொடங்கியது. 1979-இல் பாப் ஹால் என்னும் அமெரிக்க மோட்டார் எழுத்தாளர், அந்நிறுவனத்தின் பொறியியல் தலைவர்களுள் ஒருவரான கெனிச்சி யாமமோட்டோவைச் சந்தித்தார். அந்நாளில் மறைந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் நாட்டுத் திறந்த சிறு கார்களைப்போல, எளிய விலையில் ஒன்று செய்யுங்கள் என்றார். பத்தாண்டு கழித்து, 1989 பிப்ரவரியில், சிகாகோ கண்காட்சியில் அது அரங்கேறியது. பெயர் எம்.எக்ஸ்-5, அமெரிக்கர் இட்டு அழைத்த பெயர் மியாட்டா. இரண்டே இருக்கை, மடக்கும் துணிக்கூரை, 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைத்திறன். அமெரிக்காவில் தொடக்க விலை 13,800 டாலர். செல்வரின் சீமைக் கார்களோடு ஒப்பிட்டால் சிறு விலை. 2016 ஏப்ரலில் பத்து இலட்சமாவது வண்டி ஆலையை விட்டு வெளிவந்தது.

இதை ஆக்கியோர் பேராற்றலை நம்பவில்லை; எடைக் குறைப்பை நம்பினர். ஜப்பானில் விற்ற முதல் வண்டியின் எடை ஏறத்தாழ 940 கிலோதான். முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் பாரத்தை ஏறக்குறையச் சரிபாதியாகச் சுமக்குமாறு அமைத்தனர். குதிரையும் வீரனும் ஓருடலாவது என்னும் பொருள்பட, 'ஜின்பா இத்தாய்' என்ற தங்கள் நாட்டுத் தொடரைக் கொள்கையாகக் கொண்டனர். மோட்டார் வண்டியின் எடை பெரிதும் குறையும், எண்ணெய்ச் செலவும் சுருங்கும் என்று பெரியார் 'இனி வரும் உலகம்' உரையில் 1940களிலேயே முன்னுரைத்தது நம் தோழர்களுக்கு நினைவிருக்கும். உலகத்துக் கார்கள் பலவும் தலைமுறைக்குத் தலைமுறை கொழுத்துக்கொண்டே போக, இச்சிறு வண்டியோ 2015-இல் நான்காம் தலைமுறையாக விற்பனைக்கு வந்தபோது முந்தியதைவிட ஏறத்தாழ 100 கிலோ இளைத்து வந்தது. அறிவு எத்திசையில் நடக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு சிறு சான்று.

இனி, இதை வாங்கியவர் கதைக்கு வருவோம். பழைய வண்டியாகக் கைமாறி, விலை மேலும் இறங்கி, மெக்கானிக், எழுத்தர், ஆசிரியர் ஆகியோர் கைக்கும் இது வந்தது. அவர்களுக்கு வேறு கார் இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை வேலைக்குப் போவது இதில்தான். மழையில் நனைவதும், காய்கறி சுமப்பதும் இதுவேதான். ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத வண்டி நிறுத்துமிடத்தில் கூம்புகளை நட்டு, ஒருவர்பின் ஒருவராக ஓட்டி, நொடிக் கணக்குப் பார்ப்பதும் இதே வண்டியில்தான். அமெரிக்காவில் 'ஸ்பெக் மியாட்டா' என்றொரு பந்தயப் பிரிவே உண்டு. அதில் எல்லோரும் ஒரே வகைச் சுருள்வில்லையும் ஒரே வகை ஷாக் அப்சார்பரையும்தான் பொருத்த வேண்டும். பணப்பை கனத்தவன் முந்துவதைக் குறைத்து, கை தேர்ந்தவன் முந்தட்டும் என்பது அதன் கருத்து. சமத்துவத்தைப் பந்தயத்திடலிலும் நாட்டலாம் என்று காட்டினார்கள்!

விலைமிக்க கார்களை உறை போர்த்திப் பூட்டிவைத்து, திருநாளுக்கு ஒருநாள் வெளியே உருட்டுவோரும் உளர். அவை நம் ஊர்த் தேர்களின் உடன்பிறப்புகள். தேர், ஆண்டுக்கு ஒருநாள் அசையும்; யார் வடம் பிடிப்பது என்பதற்கே சாதி சண்டைக்கு நிற்கும். சிவகங்கைப் பகுதியின் கண்டதேவியில் ஒடுக்கப்பட்டோர் வடத்தைத் தொடுவதற்கு நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்ததை நாடு அறியும். பூசிக்கப்படும் வண்டி மனிதனைப் பிரிக்கிறது. பயன்படும் வண்டி மனிதனைச் சுமக்கிறது. நாள்தோறும் ஓட்டப்படும் வண்டியை நாம் மதிப்பது இதனால்தான்.

நாள்தோறும் ஓட்டுபவனுக்கு வண்டியை மாற்றும் தேவை ஏன் எழுகிறது? ஆலை, சராசரி மனிதன் ஒருவனைக் கற்பனை செய்து வண்டி ஆக்குகிறது. அந்தச் சராசரி மனிதன் எந்தத் தெருவிலும் வாழ்வதில்லை. மியாட்டாவில் நெடிய உடலினர் அமர்ந்தால் தலை கூரையை இடிக்கும். பலர் இருக்கை உறையைப் பிரித்து, உள்ளிருக்கும் நுரையைச் செதுக்கியெடுத்து, இரண்டு விரல் அளவு கீழே இறங்கி அமர்கின்றனர். கால் இயங்காத ஒருவர், கையாலேயே பிரேக்கும் வேகமும் ஆளும் அமைப்பைப் பொருத்தினால்தான் சாலைக்கு வர முடியும். 'ஆக்கியபடியே வைத்திரு' என்பது அவரிடம் சொன்னால், 'வீட்டிலேயே கிட' என்று பொருள்படாதா? முன்னோர் வகுத்தது எல்லார்க்கும் பொருந்தும் என்ற வாதம் சமுதாயத்தில் எத்தனை பேரை வெளியே நிறுத்தியதோ, அத்தனை பேரை இயந்திரத்திலும் வெளியே நிறுத்தும். ஆக்கியவனுக்கு நன்றி சொல்வோம். ஆனால் ஆக்கியவன் வாக்கை அருள்வாக்கு என்று கொள்ளோம்.

அப்படியானால் மாற்றுபவன் செய்வதெல்லாம் பகுத்தறிவா? பொறுங்கள்! பழைய மூடநம்பிக்கையை விரட்டிய வாசல் வழியே புதிய மூடநம்பிக்கை நுழைவதைப் பார்க்கிறோம். ஆயுத பூசையன்று சக்கரத்தின் கீழ் எலுமிச்சை வைத்து நசுக்குகிறான் ஒருவன். அதே சக்கரத்தில் காற்று எவ்வளவு என்று பார்க்க மறக்கிறான். சைலன்சரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இரைச்சல் கூடியதால் ஆற்றலும் கூடிவிட்டது என்று நம்புகிறான் இன்னொருவன். இருவருக்கும் என்ன வேறுபாடு? வண்டி தாழ்வாக நின்றால் அழகு என்று சுருள்வில்லை அறுத்துக் குறைக்கிறான் மூன்றாமவன். அறுத்த வில் விறைக்கும். சக்கரம் ஏறியிறங்கும் இடம் சுருங்கும். அந்த விறைப்புக்கு ஏற்காத பழைய ஷாக் அப்சார்பர் துள்ளலை அடக்க இயலாமல் திணறும். வளைவில் ஒரு குழி வந்தால் டயர் தரையை விடும். எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவைப் பொருத்துகிறான் நான்காமவன். எரிபொருளின் அளவையும் தீப்பொறி எழும் நேரத்தையும் அதற்கேற்பச் சீர்செய்யவில்லை என்றால், பிஸ்டன் உடைந்து பாடம் கற்பிக்கும். இயந்திரம் யாருக்கும் அஞ்சாது. யாருடைய பக்திக்கும் இரங்காது. அதனால்தான் அது நல்ல ஆசான்.

அறிவோடு மாற்றுபவன் முதலில் செய்வது கவர்ச்சியற்ற வேலை. தேய்ந்த டயரை மாற்றுகிறான், பிரேக்கைச் செப்பனிடுகிறான், சக்கரங்களின் கோணத்தை அளந்து நேராக்குகிறான். பிறகுதான் வேகத்தைப் பற்றி எண்ணுகிறான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, குறித்து வைத்து, தீங்கென்று கண்டால் திரும்பப் பழையதையே மாட்டுகிறான். சோதனை, குறிப்பு, திருத்தம்! இதைச் சமுதாயத்தில் செய்தால் சீர்திருத்தம். பட்டறையில் செய்தால் மோட்டார்க் கலை.

அறிவுக்கு அடுத்தது அறம். என் வண்டியில் நான் செய்வது என்னோடு நிற்கிறதா என்பது அடுத்த கேள்வி. புகைக்குழாயில் வினையூக்கிப் பெட்டி ஒன்று உண்டு. கார்பன் மோனாக்சைடு, எரியாத எண்ணெய் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய நச்சுகளைப் பெரும்பகுதி மாற்றி, தீங்கு குறைந்தவையாக வெளிவிடுவது அதன் வேலை. அதைக் கழற்றி எறிபவன் தன் பொருளை மாற்றவில்லை. பிறர் மூச்சை மாற்றுகிறான். நள்ளிரவில் இரைச்சலிட்டு ஓடுபவன், தொட்டிலில் உறங்கும் குழந்தையின் உறக்கத்தைத் திருடுகிறான். அது எப்போது அவனுக்குச் சொந்தமாயிற்று?

நுண்ணிய கேள்வியும் ஒன்று உண்டு. வண்டி கவிழ்ந்தால் தலை நசுங்காதிருக்க, இருக்கையின் பின்னே எஃகு வளையம் பொருத்துவர். பந்தயத்திடலில் தலைக்கவசம் அணிந்தவனுக்கு அது காவல். அதே வளையம், தலைக்கவசமின்றி வேலைக்குப் போகும் காலை வேளையில், உறையின்றித் தலைக்கு அருகில் இருந்தால், சிறு மோதலிலும் மண்டையைப் பிளக்கும். ஒரே பொருள், ஒரே மனிதன். இடம் மாறியதும் நன்மை தீமையாகிறது. எந்த நெறியும் எக்காலத்துக்கும் எவ்விடத்துக்கும் அப்படியே பொருந்தாது என்று நாம் மேடையில் சொல்வதை, நாள்தோறும் ஓட்டும் வண்டி செயலில் காட்டுகிறது.

இந்தச் சிக்கலை நாடுகள் எப்படித் தீர்த்தன? ஜப்பானில் புதிய கார் மூன்றாண்டில் ஒருமுறையும், பின்னர் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் அரசு வகுத்த சோதனைக்கு நிற்க வேண்டும். மாற்றம் செய், ஆனால் வண்டியின் அடிப்பகுதி தரையிலிருந்து 9 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையக்கூடாது என்பதுபோல அளவோடு பேசுகிறது அந்நாட்டு விதி. ஜெர்மனியில், பாதுகாப்பைத் தொடும் மாற்றங்களைத் தகுதிபெற்ற வல்லுநர் ஆராய்ந்து ஏற்க வேண்டும். கலிபோர்னியாவில், புகையோடு தொடர்புடைய மாற்று உறுப்பு சோதனையில் தேறினால்தான் அதற்கு ஏற்பு எண் கிடைக்கும். இவை எல்லாவற்றிலும் ஒரே நெறி: கண்மூடித் தடுக்காதே, கண்மூடி விடாதே; அளந்து பார்!

நம் நாட்டிலோ, 2019 ஜனவரி 9-இல் உச்சநீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைச் சுட்டி, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறுபடுமாறு வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்ப்பளித்தது. சாலையில் செல்வோரின் பாதுகாப்பே அதன் நோக்கம். அந்நோக்கத்தை நாம் குறைகூறவில்லை. அதே ஆண்டில் செய்த சட்டத்திருத்தம், மாற்றுத்திறனாளிக்கு ஏற்ப மாற்றியமைக்கும் வண்டிக்கு வழி திறந்ததையும் வரவேற்கிறோம். ஆனால், கேட்கிறோம்: மாற்றுத்திறனாளிக்குத் திறந்த கதவு, நன்கு சோதித்துத் தரப்படுத்திய மேலான பிரேக்குக்கும் ஏன் அகலத் திறக்கக்கூடாது? சட்டத்தை மீறுக என்று சொல்லவில்லை நாம். திருத்துக என்று வாதிடுகிறோம். மாவட்டந்தோறும் ஒரு சோதனைக்கூடம், எளிய கட்டணம், எழுதிவைத்த அளவுகள்! இவை இருந்தால், திருட்டுத்தனமாகப் பட்டறையின் பின்புறத்தில் நடப்பது, பகல் வெளிச்சத்தில் பொறுப்போடு நடக்கும்.

'ஊருக்குப் பேருந்து போதாதபோது, இரண்டு இருக்கைக் காரைப் பற்றி இவ்வளவு பேச்சா?' என்று கேட்கும் தோழர் இருப்பார். நேர்மையான கேள்வி. பொதுப் போக்குவரத்தே முதன்மையானது. 2021-இல் தமிழ்நாட்டு நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை என்று ஆனபோது, அது வெறும் பயணச்சலுகை அல்ல, விடுதலையின் ஒரு பகுதி என்று மகிழ்ந்தவர்கள் நாம். பேருந்துக்கு ஒதுக்கும் பணத்தைக் குறைத்துக் காருக்குச் சாலை போடு என்று ஒருவன் கேட்டால், அவனோடு நாமும் போரிடுவோம். ஆனால், 'உழைப்பவனுக்கு இன்பம் எதற்கு?' என்று அக்கேள்வி உருமாறும்போது விழித்துக்கொள்ள வேண்டும். அது மிகப் பழைய கேள்வி. 1893-இல் திருவாங்கூரில் அய்யங்காளி வில்வண்டி ஒன்று வாங்கி, தம் மக்கள் நடக்கவும் தடைசெய்யப்பட்ட பொதுச்சாலையில் நிமிர்ந்து ஓட்டிச் சென்றபோது, ஆதிக்கச் சாதியார் கொதித்துக் கேட்டதும் 'இவனுக்கு எதற்கு வண்டி?' என்பதுதான். வண்டியின் விரைவு அவர்களை உறுத்தவில்லை. அதில் அமர்ந்திருந்தவரின் நிமிர்வு உறுத்தியது. இன்பத்தைச் செல்வரின் தனியுடைமை ஆக்குவதும் ஒருவகைத் தீண்டாமையே.

எனவே, இரு குரல்களுக்கும் நம் மறுமொழி இது. 'ஆக்கியவன் வாக்கு' என்பவனே, ஆக்கியவனும் உன்போல் மனிதன். சென்ற ஆண்டு தான் செய்ததை இந்த ஆண்டு தானே மாற்றுகிறான். 'என் விருப்பம்' என்பவனே, உன் விருப்பம் ஓடும் சாலை ஊருக்குப் பொது. திறந்து பார்; அறிந்து மாற்று; அளந்து சோதி; அயலான் மூச்சுக்கும் செவிக்கும் உயிருக்கும் ஊறு இல்லையென்று உறுதி செய்; பிறகு மகிழ்ச்சியாக ஓட்டு. தான் வாங்கிய இயந்திரத்தைத் திறக்க அஞ்சாத கை, தான் பிறந்த சமுதாயத்தைத் திறந்து பார்க்கவும் அஞ்சாது. அந்தக் கைகள் பெருகட்டும்!