மையவாடி ஆந்தையும் நம் ஈமானும்



மனிதனுக்கு முதன்முதலில் அடக்கம் செய்யக் கற்றுக்கொடுத்தது யார்? ஒரு காகம்! ஆதம் (அலை) அவர்களின் மகன் தன் சகோதரனைக் கொன்றுவிட்டு, உடலை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். அல்லாஹ் ஒரு காகத்தை அனுப்பி, மண்ணைத் தோண்டிக் காட்டினான். மாயிதா அத்தியாயத்தின் 31வது வசனம் இதைச் சொல்கிறது. கப்ருக்கும் பறவைக்கும் அவ்வளவு பழைய சம்பந்தம்.

கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பகுதிகளில் தெருவோர மரங்கள் குறைந்துவிட்டன. மைனாவுக்கும் கிளிக்கும் செண்பகத்துக்கும் புள்ளி ஆந்தைக்கும் பழைய மையவாடி மரங்கள்தான் வீடு. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காடு 2022ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கே படகேறிப் போய்ப் பறவை பார்க்கிறோம். நம் மையவாடிப் பறவையை மட்டும் கல்லெறிந்து விரட்டுகிறோமே, ஏன்?

"ஹஜ்ரத், ஆந்தை அலறுது, அடுத்தடுத்து மவுத் விழுது. அந்த மரத்தை வெட்டிடலாமா?" என்று கேட்கிறார்கள். சகோதரர்களே, இது புதிய பேச்சல்ல. கொலையுண்டவனின் உயிர் ஆந்தையாகி, பழிவாங்கும்வரை கப்ரின் மேல் கத்தும் என்று அறியாமைக் கால அரபிகள் நம்பினார்கள். ஆந்தைச் சகுனம் என்ற ஒன்றே இல்லை என நபி (ஸல்) அவர்கள் அதை மறுத்தார்கள். புகாரியில் இது பதிவாகியிருக்கிறது. மவுத்தை எழுதியவன் அல்லாஹ். ஆந்தையின் கையில் என்ன இருக்கிறது? அது எலியையும் பூச்சியையும் தின்று வாழும் ஒரு படைப்பு.

ஒருவர் நட்ட மரத்திலிருந்து பறவை தின்றாலும் அது அவருக்கு ஸதகா என்பது நபிமொழி. மையவாடியில் மரம் நட்ட நம் பாட்டனார்கள் அங்கேயே அடங்கியிருக்கிறார்கள். அந்த மரத்தில் ஒரு கிளி பழம் கொத்தினால் இன்றும் அவர்களுக்கு நன்மை போகிறது. வெட்டினால் யாருடைய நன்மையை வெட்டுகிறோம்?

கப்ரின் மேல் விழும் நிலையிலுள்ள காய்ந்த கிளையை, கூடு இல்லையா என்று பார்த்து, ஜமாஅத்தார் அகற்றட்டும். அதில் தடையில்லை. சகுனத்துக்காகப் பச்சை மரத்தில் கோடாலி வைக்காதீர்கள்.

கேமராவோடு போகும் வாலிபர்களே! நல்ல காரியம்தான். ஆனால் உள்ளே நுழையும்போது கப்ராளிகளுக்கு ஸலாம் சொல்லுங்கள். கப்ரின் மேல் மிதிக்காதீர்கள், உட்காராதீர்கள். பறவையைப் பார்த்த கண் கப்ரையும் பார்க்கட்டும். ஆகிரத்தின் நினைவு வரட்டும்.

சகுன நம்பிக்கையிலிருந்து நம் உள்ளங்களையும், வாயில்லா ஜீவன்களுக்கு அநியாயம் செய்வதிலிருந்து நம் கைகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.