நற்காரியத்துக்காகக் குறைத்து நிறுக்கலாமா?

கடை வைத்துப் பிழைக்கும் எனக்கு எழுத்து வேலை அதிகம் பழக்கமில்லை. ஆனாலும் என் தமக்கை மகன் சென்ற மாதம் கேட்ட ஒரு கேள்வி, இரவில் கணக்கு முடித்துப் பேரேட்டை மூடிய பின்னும் மனத்தை விட்டு அகலவில்லை. வியாபாரிகளாகிய நாம் யாவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி அது. ஆகவே எழுதத் துணிந்தேன்.

அவன் இங்கே சிங்கப்பூரில், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காகப் பரிந்து பேசும் ஒரு சங்கத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறான். இலாபம் கருதாத சங்கம். முகநூல், இன்ஸ்டகிராம் முதலிய சமூக ஊடகங்களில் அச்சங்கத்தின் குரலாக இருப்பதே அவன் தொழில். காலையில் படம் போடுவான்; அதன் கீழே நாலு வரி எழுதுவான். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் பிறருக்கு அனுப்பினார்கள், எத்தனை பேர் பணம் கொடுத்தார்கள் என்று மாலையில் கணக்கெடுப்பான். திட்டி எழுதுவோருக்கும் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். இது என்ன விளையாட்டு வேலை என்று முதலில் நானும் நினைத்ததுண்டு. பிறகுதான் தெரிந்தது, அவனுடைய கடையும் நம் கடையைப் போன்றதே. கூட்டம் வராவிட்டால் அங்கேயும் கல்லா காலி.

ஒரு நாள் மாலை கடைக்கு வந்தவன் முகம் வாடியிருந்தது. கட்டட வேலையில் விழுந்து கையொடிந்த ஒரு தொழிலாளி சங்கத்துக்கு வந்திருக்கிறார். முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துவிட்டார். ஆனால் இரண்டு மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்.

“மாமா, ஆஸ்பத்திரிச் செலவு கொடுத்ததையும் சேர்த்து எழுதினால் ஜனங்கள் படத்தைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த ஒரு வரியை விட்டுவிட்டால் ஆயிரக்கணக்கானவர்கள் பார்ப்பார்கள், பணமும் சேரும். சட்டப்படி அவர் கொடுத்தே ஆக வேண்டிய செலவுதானே அது? நான் பொய் எழுதவில்லை. ஒரு வரியை விடுகிறேன். பணமும் எனக்கு வரப்போவதில்லை. நிய்யத்து நல்லதாக இருக்கும்போது என்ன குற்றம்?” என்றான்.

சகோதரர்களே, எனக்கு உடனே பதில் வரவில்லை. வராததற்குக் காரணமும் உண்டு. பதினைந்து வருடங்களுக்கு முன், வற்றல் மிளகாய் மூட்டையில் மேலே நல்ல சரக்கையும் அடியில் பழைய சரக்கையும் வைத்து விற்றவன் நான். ஓர் உணவுக்கடைக்காரர் மூட்டையைத் திரும்பக் கொண்டுவந்து, என் கடை வாசலில் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். இன்றுவரை அவர் என் கடைப்படி ஏறவில்லை. நானும் பொய் சொல்லவில்லையே! மேலே இருந்தது நல்ல மிளகாய்தான். அடியில் இருந்ததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவனுடைய தொழிலில் எல்லாரும் அறிந்த ஒரு கதையை அவனே சொன்னான். அமெரிக்காவில் சான் டியேகோ நகரத்து ‘இன்விசிபிள் சில்ட்ரன்’ என்னும் சங்கம், 5-3-2012இல் ‘கோனி 2012’ என்ற அரை மணி நேரப் படத்தை யூடியூபில் வெளியிட்டது. குழந்தைகளைக் கடத்திப் படையில் சேர்த்த ஜோசப் கோனி என்பவனைப் பிடிக்க உலகத்தைத் தூண்டுவது அதன் நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2005லேயே அவனுக்குப் பிடியாணை பிறப்பித்திருந்தது. ஆறே நாளில் படம் பத்துக் கோடி முறை பார்க்கப்பட்டது. ஆனால் கோனியின் படை 2006 வாக்கிலேயே உகாண்டாவை விட்டுப் போய்விட்டது. படமோ அதைப் போகிற போக்கில் சொல்லி நகர்ந்தது. அதே மாதம் வட உகாண்டாவில் லிரா என்னும் ஊரில், அக்கொடுமையை அனுபவித்த மக்களுக்கே அப்படம் காட்டப்பட்டபோது, அவர்கள் கோபங்கொண்டு கல்லெறிந்தார்கள். ஏப்ரல் 20 இரவு ஊரெங்கும் சுவரொட்டி ஒட்ட வரும்படி அழைத்தபோது வந்தவர்கள் சொற்பமே. அந்த ஆண்டு முடிந்தும் கோனி பிடிபடவில்லை.

கூட்டம் சேர்ப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2014இல் தலையில் பனிக்கட்டி நீரை ஊற்றிக்கொள்ளும் வேடிக்கை உலகெங்கும் பரவியது. நரம்பைத் தின்னும் ஏ.எல்.எஸ். நோய்க்காக உழைக்கும் அமெரிக்கச் சங்கத்துக்கு அதனால் 11 கோடியே 50 லட்சம் டாலர் சேர்ந்தது. அந்நோயோடு தொடர்புடைய ஒரு மரபணுவைக் கண்டறிந்ததாக 2016இல் அறிவிக்கப்பட்ட ஆராய்ச்சிக்கும் அப்பணம் உதவியது. கூவி விற்பது குற்றமன்று. நாமும் கூவித்தான் விற்கிறோம். தராசில் கை வைப்பதுதான் குற்றம்.

அப்படியானால் இலாபத்துக்குக் குறைத்து நிறுப்பவனும், ஏழைக்காகக் குறைத்து நிறுப்பவனும் ஒன்றா? நான் நெடுநேரம் யோசித்தேன். பின்னவனுக்கே ஆபத்து அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. மிளகாய் மூட்டையைக் கட்டிய இரவில் என் மனம் என்னைக் குத்தியது. அதனால் என்றாவது திருந்த வழி இருந்தது. நல்ல காரியத்துக்காகச் செய்பவனுக்கு மனம் குத்துவதில்லை. இன்று ஒரு வரியை விடுவான். நாளை இரண்டு வரி. குட்டு வெளிப்படும் நாளில் நஷ்டம் அவனுக்கு மட்டுமா? அடுத்துக் கையொடிந்து வருபவனின் உண்மையையும் ஊரார் நம்பமாட்டார்களே! அந்தக் கடனை யார் அடைப்பது?

இதைத்தான் அவனிடம் சொன்னேன். “அந்தத் தொழிலாளியிடமே கேட்டுப் பார். சரக்கு அவருடையதல்லவா?” என்றும் சொன்னேன்.

மறுநாள் கேட்டிருக்கிறான். “ஆஸ்பத்திரிக்குக் கட்டினாரே, அதையும் எழுதுங்க தம்பி. நாளைக்கு நான் அவர் முகத்தில் விழிக்கணும்” என்றாராம் அவர். அவ்வரி சேர்ந்தே வெளிவந்தது. பார்த்தவர்கள் குறைவு; வந்த பணமும் குறைவு. மேலதிகாரி முகம் சுளித்தார் என்று வருத்தத்தோடு சொன்னான். உண்மைக்கு விலையில்லை என்று நான் அவனைத் தேற்றவில்லை. விலை உண்டு, அதைக் கொடுத்தவன் அவன்.

சகோதரர்களே, இது அவன் ஒருவனுடைய வேலை என்று நாம் இருந்துவிட முடியாது. கல்லாவில் உட்கார்ந்தபடியே, வந்த படத்தையும் செய்தியையும் விசாரியாமல் பத்துப் பேருக்குத் தட்டிவிடுகிறோம்; நல்ல காரியந்தானே என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். சம்பளமில்லாமல் நாமும் அதே தொழிலைத்தான் செய்கிறோம். அனுப்புமுன் மூட்டையின் அடியில் கைவிட்டுப் பார்ப்போமாக.