யாருடைய பிள்ளையில் பழகுவது?

குசினியில் நான் கத்தி பிடிக்கப் பழகியது வெங்காயத்தில். பழுதாய் வெட்டியதைக் குப்பையில் கொட்டினார்கள். முதலாளி ஏசினார், அதோடு முடிந்தது. பிள்ளைக்கு ஊசி ஏற்றப் பழகுகிறவருக்கு அப்படி ஒரு குப்பைவாளி இல்லை.

போன மாரியில் ஓரிரவு, ரொறன்ரோவில் ஒரு போதனா வைத்தியசாலை. வயிற்றோட்டத்தால் வாடிக் கிடந்த எங்கள் இரண்டு வயது மகளின் கையில் இளம் டொக்டர் ஒருவர் இரண்டு தரம் குத்தியும் நரம்பு பிடிபடவில்லை. பின்னால் நின்ற மூத்த டொக்டர் மூன்றாம் தரம் ஏற்றினார். "இவர் பழகுற ஆளோ?" என்று மனிசி மெதுவாகக் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் பிள்ளையில்தானா பழக வேண்டும்? எங்களை ஒருவரும் கேட்கவில்லையே.

கோபம் ஆறியபின் யோசித்தேன். பிள்ளைக்கு மருந்தை நிறை பார்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு. உடம்பில் நீர் வற்றினாலும் பிள்ளையின் இரத்த அழுத்தம் நெடுநேரம் தாக்குப்பிடித்து, பிறகு சடாரென்று விழும். இலக்கம் ஒழுங்காக இருக்கும்போதே ஆபத்தைக் காணும் கண் வேண்டும். அது புத்தகத்தில் வராது. குழந்தை மருத்துவம் கற்றவரே அவசர சிகிச்சைக்கென்று இங்கே மேலும் இரண்டு வருடம் பழகுவது அதனால்தான்.

யாழ் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு படிப்பு அறுந்தவன் நான். கற்கும் வழி அறுவது என்னவென்று தெரியும். 1987 ஒக்ரோபரில் யாழ் போதனா வைத்தியசாலைக்குள் இந்திய இராணுவம் சுட்டுக்கொன்றவர்களில் குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரமும் ஒருவர். அன்று போனது அவர் உயிர் மட்டுமல்ல, அவரிடம் பழகியிருக்கக்கூடிய கைகளும்தான்.

ஆகவே பழகக்கூடாது என்று சொல்லமாட்டேன். யாரில் என்பதே கேள்வி. 1802இல் பரிஸில் குழந்தைகளுக்கென்று திறந்த ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் ஏழைப் பிள்ளைகள். வசதியானவர்கள் டொக்டரை வீட்டுக்கு அழைத்தார்கள். இன்று எல்லாருடைய பிள்ளைகளும் ஒரே வாங்கில் காத்திருக்கிறார்கள். ஆனால், "மூத்தவர் செய்யட்டும்" என்று சொல்வதற்குப் பாஷையும் துணிச்சலும் வேண்டும். அவை உள்ளவர் மறுத்தால், அந்தப் பாரமும் இல்லாதவரின் பிள்ளைமேல்தான் விழும். அநீதி அங்கேதான் இருக்கிறது.

கேட்டிருந்தால் சம்மதித்திருப்பேனா? உண்மையைச் சொன்னால், அந்த இரவில் இல்லை. ஆனால் மகளுக்கு நரம்பு பிடித்த அந்த மூத்த கையும் எப்போதோ யாரோ பெற்ற பிள்ளையில் பழகிய கைதான். முகம் தெரியாத அந்தத் தாய் தகப்பனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அடைக்கத்தான் வேண்டும். ஆனால், ஒரு வார்த்தை கேட்டு வாங்கட்டும்.