இரண்டு சுவர்கள்

ஊர் சுற்றிப் பார்த்தல் இன்பந்தரும் பொழுதுபோக்கு என்பர். பெரும்பாலான ஊர்களைப் பொறுத்தவரை இஃது உண்மையே. ஆயினும் சில ஊர்களில் நடப்பவன் இன்பத்தை மட்டும் பெற்றுத் திரும்பிவிட முடியாது; அங்குள்ள தெருக்கள் அவனை வினவத் தொடங்கிவிடும். மெக்சிக்கோ மாநகரின் தென்பகுதியிலே அமைந்த கொயோகான் அத்தகையதோர் இடமாகும்.

ஓநாயினத்தைச் சேர்ந்த கொயோட் என்னும் விலங்குகளின் இடம் என்பதே, அந்நாட்டுப் பழங்குடி மக்களின் மொழியில் அப்பெயரின் பொருள். 1521ஆம் ஆண்டிலே அம்மக்களின் தலைநகரை வீழ்த்திய ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸ், தன் ஆட்சியை முதலில் நடத்தியது இங்கிருந்துதான். இன்று அங்கே கல் பாவிய தெருக்களும், பழைய தேவாலயமும், இரு கொயோட்டுகளின் சிலைகள் அமைந்த நீரூற்றும் காண்போரைக் கவர்கின்றன. மாலை வேளைகளிலே சோளம் விற்போரும் பலூன் விற்போரும் சதுக்கத்தை நிறைக்கின்றனர். சற்று வடக்கே சென்றால் லண்டன், பெர்லின், பாரிஸ், வியன்னா என ஐரோப்பிய நகரங்களின் பெயர்களைத் தாங்கிய தெருக்கள் வருகின்றன. அவற்றுள் இரண்டு தெருக்களிலுள்ள இரண்டு வீடுகளே எமது சிந்தனைக்குரியன.

லண்டன் தெருவிலுள்ளது நீல வீடு. 1907இல் பிறந்த ஓவியர் பிரீடா காலோ 1954இல் மறைந்தது அவ்வீட்டிலேயே. 1958 முதல் அது நூதனசாலையாக விளங்குகிறது. நுழைவுச்சீட்டுப் பெற்று உள்ளே செல்லும் கூட்டம் இன்றும் குறையவில்லை. அவரது கட்டிலின் கால்மாட்டிலே மார்க்ஸ், ஏங்கெல்ஸ், லெனின், ஸ்டாலின், மாவோ ஆகியோரின் படங்கள் தொங்குகின்றன. இதே வீட்டிலேதான் ஸ்டாலினால் நாடு கடத்தப்பட்ட ட்ரொட்ஸ்கி 1937 முதல் 1939 வரை அடைக்கலம் பெற்றிருந்தார். அவருக்குப் புகலிடம் அளிக்குமாறு மெக்சிக்கோ அரசை வேண்டியவர் பிரீடாவின் கணவரான ஓவியர் டியாகோ றிவேரா. பின்னர் இருவருக்குமிடையே பிணக்கு ஏற்படவே, ட்ரொட்ஸ்கி சில தெருக்கள் அப்பாலுள்ள வியன்னாத் தெரு வீட்டுக்குக் குடிபெயர்ந்தார்.

நீல வீட்டின் வண்ணங்களைக் கண்ட கண்களோடு இந்த இரண்டாவது வீட்டினுள் நுழைபவர் திடுக்கிடுவர். உயர்ந்த மதில், காவற் கோபுரம், இரும்புக் கதவு; அவற்றின் நடுவே முயல்களும் கோழிகளும் வளர்ந்த கூடுகள். படுக்கையறைச் சுவரிலே துவக்குக் குண்டுகள் துளைத்த வடுக்கள் இன்றும் பூசி மறைக்கப்படாமல் உள்ளன. 1940 மே 24ஆம் நாள் விடியுமுன், பொலிஸ், இராணுவ உடைகளிலே வந்த இருபது பேரளவிலான குழுவொன்று இவ்வீட்டின்மீது குண்டுமாரி பொழிந்தது. ட்ரொட்ஸ்கியும் மனைவி நத்தாலியாவும் கட்டிலிலிருந்து தரையில் உருண்டு உயிர் தப்பினர். அடுத்த அறையிலே உறங்கிய பேரன், பதினான்கு வயதுச் சிறுவன், காலிலே காயமுற்றான். கடத்திச் செல்லப்பட்ட ஓர் இளம் அமெரிக்கக் காவலாளி பின்னர் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டான். மூன்று மாதங்களின் பின், ஆகஸ்ட் 20ஆம் நாள், ஸ்டாலினின் ஆளான மெர்காடர் நண்பனைப் போல வந்து பனிக்கோடரியால் தாக்க, மறுநாள் ட்ரொட்ஸ்கி உயிர் துறந்தார்.

மே மாதத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர் யார்? கூலிக் கொலைஞன் அல்லன். மெக்சிக்கோவின் சுவரோவிய இயக்கத்தின் மும்மூர்த்திகளுள் ஒருவரான டேவிட் அல்பாரோ சிகெய்றோஸ்! ஸ்பெயின் நாட்டிலே பாசிசத்துக்கு எதிராகப் படைநடத்திய வீரர். உழைக்கும் மக்களின் துயரைச் சுவர்களிலே தீட்டிய கலைஞர்.

சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணவருக்கு அவரது ஓவியங்களின் படங்களைக் காட்டி, இவ்வரலாற்றையும் கூறினேன். ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “சேர், ஒருவரைக் கொல்லப் போனவர் கீறிய படத்தை நாங்கள் ஏன் பார்க்கவேண்டும்?” மணி அடித்துவிட்டது. மணி அடித்தமைக்காக நான் அன்று உள்ளூர மகிழ்ந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அவளது வினாவுக்கு எளிய விடைகள் இரண்டு உண்டு. கலைஞனின் மேதைமையின் முன் அவனது குற்றம் சிறிது என்பது ஒன்று. குற்றவாளியின் கலையைத் துடைத்தெறிக என்பது மற்றையது. இவ்விரண்டும் பிழையானவை என்பதற்குச் சிகெய்றோஸ் தாமே எமக்குச் சான்று தருகிறார்.

அவர் முன்னின்று எழுதி 1924இல் வெளியான ஓவியர் சங்க அறிக்கை, செல்வரின் வரவேற்பறைக்கென வரையப்படும் ஓவியங்களை நிராகரித்தது. கலை பொதுச்சொத்தாதல் வேண்டும் என்று அது முழங்கியது. நன்று. அக்கொள்கையை அவருக்கே பிரயோகித்துப் பார்ப்போம். சுவரோவியம் மக்களின் சொத்தாயின் அதனை ஈடாக வைத்துத் தன் குற்றக்கடனைத் தீர்க்க ஓவியனுக்கு உரிமையில்லை. தனக்குச் சொந்தமல்லாததைக் கொண்டு எவரும் கடனடைக்க முடியாது. அவ்வாறே, அச்சுவருக்கு வெள்ளையடிப்பதால் ஓவியன் தண்டிக்கப்படப்போவதும் இல்லை, இழப்பவர் மக்களே. தாக்குதல் வழக்கிலே பிணையில் வெளிவந்த சிகெய்றோஸ், 1941இல் சிலி நாட்டுக்குச் சென்று, பூகம்பத்தால் பாதிக்கப்பட்ட சில்யான் நகரிலே ஒரு பாடசாலையின் சுவர்களில் ஓவியந் தீட்டினார். அப்பாடசாலைப் பிள்ளைகள் எக்குற்றமும் செய்தவரல்லர். அவர்களின் சுவர் அவர்களுக்கு உரியது. அதே வேளை, வியன்னாத் தெருச் சிறுவனின் காலிற் பட்ட காயத்தை அச்சுவர் ஆற்றவும் மாட்டாது.

தமது நோக்கம் கொலையன்று, ஆவணங்களைக் கைப்பற்றுவதே என்று சிகெய்றோஸ் பிற்காலத்தில் கூறினார். கட்டிலை நோக்கிச் சுடுவோர் ஆவணம் தேடுகின்றனர் என்று நம்புதல் எளிதன்று. இலட்சியத்துக்காகச் செய்தார் என்பாரும் உளர். மனிதகுலத்தின் விடுதலையைப் பேசும் இலட்சியம், அடுத்த அறையில் உறங்கும் ஒரு குழந்தையைக் காணத் தவறுமாயின், அது எம்மனிதரின் விடுதலை? இவ்வினாவைக் கொலையுண்டவரிடமும் கேட்டேயாக வேண்டும். 1921இல் குரொன்ஸ்ராட் மாலுமிகளின் எழுச்சி படைகொண்டு ஒடுக்கப்பட்டபோது, போர்த்துறைப் பொறுப்பில் இருந்தவர் ட்ரொட்ஸ்கியே. கொலையுண்டமையால் ஒருவர் புனிதராகிவிடுவதில்லை.

இது எங்கோ தொலைவில் நிகழ்ந்த கதையென எம்மால் ஒதுக்கிவிட முடியாது. அதே 1940ஆம் ஆண்டை ஒட்டியே எமது தீவின் இடதுசாரி இயக்கமும் அதே இரு பெயர்களின் பொருட்டுப் பிளவுண்டது. பிளவின் இரு பக்கத்தவரும் மற்றையவரின் பிழைகளை எண்ணிக் கணக்கெழுதினரே அன்றித் தம்மவர் பிழைகளை எழுதியது அரிது. மாணவரிடம் பேசுகையில் நானும் அவ்வழக்கத்தின் பிள்ளையாகவே இருந்திருக்கிறேன். எதிரியின் கொடுமையைக் கூறும்போது உரத்தொலித்த என் குரல், எம்மவரின் கொடுமை வந்தபோது மணியோசையை எதிர்பார்த்தது.

காயமுற்ற அச்சிறுவன் எஸ்தபான் வொல்கோவ், அவ்வீடு 1990இல் நூதனசாலையான பின்னும் அதனைப் பேணி, 2023இல் தன் தொண்ணூற்றேழாவது வயதில் மறைந்தார். குண்டு வடுக்கள் பூசப்படாமல் இருப்பது எம்போன்றோருக்குப் பெரும் பாடமாகும்.

கொயோகானின் அதே நிருவாக எல்லைக்குள், தெற்கே சில மைல் தொலைவில், தேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் தலைமைக் கட்டிடச் சுவரிலே சிகெய்றோஸ் 1950களில் ஆக்கிய பேரோவியம் ஒன்று உண்டு. மாணவர் தாம் பெற்ற அறிவை மக்களிடமே திருப்பிக் கொடுப்பதை அது காட்டுகிறது. அந்த மாணவிக்கு இப்போது என்னால் விடை கூறமுடியும்: அச்சுவரைப் பார், வியன்னாத் தெருச் சுவரையும் பார். ஒன்றைத் தீட்டியவரும் மற்றையதைத் துளைக்க ஆட்களை அழைத்து வந்தவரும் ஒருவரே. ஒன்றைக் காட்டி மற்றையதை மறைக்கும் ஆசிரியரை நம்பாதே; அவர் நானாக இருப்பினும் நம்பாதே.