தனிச் சங்கம் யாருக்கு?

தனியாகப் பிரிவது என்றால் முதல் ஆளாகக் கை தூக்குகிறவள் நான். சேரியில் பிறந்தவளுக்குத் தனிச் சங்கம் புதிதில்லை. 1891இல் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபை கண்டார். அதே ஆண்டு இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபை. 1942இல் அம்பேத்கரின் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பு. பெரிய சபைகள் வாய் திறக்காத விஷயத்தைப் பேச நமக்கென்று ஒரு இடம் தேவைப்பட்டது. அந்த நியாயத்தில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

அப்படிப்பட்டவளுக்குப் போன மாதம் கை எழவில்லை. நியூ ஜெர்சியில் என் மகள் படிக்கும் அரசுப் பள்ளி. அங்குள்ள பெற்றோர் ஆசிரியர் சங்கம் தேசிய அமைப்பிலிருந்து விலகித் தனித்து இயங்க வேண்டும் என்று தீர்மானம் வந்தது. ஏன் தயங்கினேன் என்பதை எழுதித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் பி.டி.ஏ. என்பது பதிவு செய்யப்பட்ட பெயர். 1897இல் வாஷிங்டனில் தாய்மார்களின் தேசியக் காங்கிரஸாகத் தொடங்கியது. பள்ளிக் கிளை வசூலிக்கும் சந்தாவில் ஒரு பங்கு மாநில அமைப்புக்கும் தேசிய அமைப்புக்கும் போகிறது. விலகுவதென்றால் உறுப்பினர்கள் ஓட்டுப் போட வேண்டும், பெயரை விட வேண்டும், வரிவிலக்கையும் காப்பீட்டையும் புதிதாக வாங்க வேண்டும். பொருளாளர் அம்மா எல்லாவற்றையும் பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கில் தப்பில்லை. மேலே போகிற காசுக்கு நமக்கு என்ன திரும்பி வருகிறது என்று கேட்பதிலும் தப்பில்லை.

பிறகு நம்ம ஊர்க்காரர் ஒருவர் எழுந்தார். "நம்ம காசு, நம்ம ஸ்கூல், நம்ம பிள்ளைங்க. மேல உக்காந்துக்கிட்டு எவனோ ஏன் நமக்கு ரூல் போடணும்?" அவர் இங்கிலீஷில்தான் சொன்னார். எனக்குத் தமிழில் கேட்டது.

இந்த 'நம்ம' எனக்குப் பழக்கமானது. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டம் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் நடக்கும். மண்டபத்தில் நாங்கள் ஏற முடியாது. எங்கப்பா கீழே வேப்பமரத்தடியில் நின்று, காதில் விழுந்ததைக் கேட்டுக்கொண்டு வரும். பள்ளிக்கூடத்துக்குச் சுவர் எழுப்ப மண் சுமக்க மட்டும் சேரிக்கு ஆள் வந்து கூப்பிடும். கூட்டம் பள்ளி வளாகத்துக்குள்தான் நடக்கணும்னு மேலேயிருந்து ஒரு கடுதாசி வந்த பிறகுதான் அப்பா பெஞ்சில் உட்கார்ந்தது. கடைசிப் பெஞ்சுதான், ஆனாலும் பெஞ்சு. ஊரை ஊர் போக்கில் விட்டிருந்தால் அது ஜென்மத்துக்கும் நடந்திருக்காது.

அப்படியானால் மேலே இருக்கிறவன் நல்லவனா? அதுவும் இல்லை. இதே தேசிய அமைப்பு பள்ளிகளைச் சட்டம் போட்டு நிறத்தால் பிரித்துவைத்த மாநிலங்களில் அந்தப் பிரிவினையோடு ஒத்துப் போனது. அதனால்தான் அட்லாண்டாவில் செலினா ஸ்லோன் பட்லர் என்ற கறுப்பினப் பெண்மணி 1926இல் கறுப்பினப் பெற்றோர் ஆசிரியர்களுக்கென்று தனித் தேசியக் காங்கிரஸை உருவாக்கினார். விரும்பிப் பிரிந்ததல்ல அது. உள்ளே இடம் இல்லாததால் வெளியே போட்ட பந்தல். 1970இல்தான் இரண்டும் இணைந்தன. பட்லர் அதைப் பார்க்கவில்லை, 1964இல் இறந்துவிட்டார். இன்று அவரையும் நிறுவனர் வரிசையில் வைத்துக் கும்பிடுகிறார்கள். செத்தபிறகு மாலை போடுவதில் எல்லா ஊரும் ஒன்றுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கு மேல் உறுப்பினர் வைத்திருந்த அமைப்பு, 1980களின் தொடக்கத்தில் ஏறக்குறைய ஐம்பது லட்சமாகச் சுருங்கியது. பல கிளைகள் விலகித் தனிச் சங்கமாகின. சந்தா உயர்வு, அரசியல் என்று காரணங்கள் பல. ஆனால் கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்குப் போகத் தொடங்கிய காலமும் அதுதான் என்பதை நான் எப்படி மறப்பேன்? பட்லரும் தனியாகப் போனார், இவர்களும் தனியாகப் போனார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர். ஒருவர் வாசலில் நிறுத்தப்பட்டவர், மற்றவர் இன்னொருவன் உள்ளே வருகிறான் என்றதும் எழுந்து போனவர்.

எங்கள் கூட்டத்தில் யாரும் யாரையும் விரட்டவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பொருளாளர் அம்மா நல்ல மனுஷி. ஆனால் பழைய விதிப்புத்தகத்தில் ஒரு வரி இருந்தது: இனம், நிறம், சமயம், பிறந்த நாடு பாராமல் எவரும் உறுப்பினராகலாம். தனிச் சங்கமானால் அந்த வரியை எழுதவோ விடவோ முழு உரிமையும் அந்த அறைக்குத்தான். நான் எழுந்து, புது விதியிலும் அதைச் சேருங்கள், கூடவே சாதி என்றும் சேருங்கள் என்றேன். சியாட்டில் நகர மன்றம் 2023இலேயே சேர்த்துவிட்டது என்றும் சொன்னேன். கலிபோர்னியாவில் அதே ஆண்டு மசோதா நிறைவேறியும் ஆளுநர் கையெழுத்துப் போட மறுத்ததைச் சொல்லவில்லை. அதை அவர் சொன்னார், நம்ம ஊர்க்காரர். "இங்க யாருங்க அதெல்லாம் பாக்குறாங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். வெள்ளைக்காரப் பெற்றோர் என்ன விஷயம் என்று புரியாமல் என்னைப் பார்த்தார்கள். நம்மவர்கள் புரிந்துகொண்டு பார்த்தார்கள்.

தீர்மானம் நிறைவேறியது. நான் ஆதரித்தும் ஓட்டுப் போடவில்லை, எதிர்த்தும் போடவில்லை. அது கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகமாட்டேன். வீட்டுக்கு வரும்போது காரில் அவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "இத்தனை வருசம் யாருக்கும் தெரியாம இருந்துச்சு. இனி பாப்பாவை யாரு வீட்டுக்கு வெளையாடக் கூப்பிடுவாங்கன்னு பாப்போம்" என்றார்.

புது விதிகளின் நகல் வந்திருக்கிறது. நான்கு பக்கம். பணத்தை யார் எடுக்கலாம் என்பதற்கே ஒன்றரைப் பக்கம். அந்த வரி இல்லை. உறுப்பினர் தகுதி என்ற தலைப்புக்கு ஓரத்தில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை பொருளாளர் அம்மாவிடம் கையில் கொடுக்க வேண்டும்.