ஊர்தியும் உடைமையும்

உயிர்கள் தம் வினைப்பயனை நுகர்ந்து கழித்தற்பொருட்டு, இறைவன் மாயையினின்றும் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் தோற்றுவித்து அளித்தருளினான் என்பது சித்தாந்த நூல்களின் துணிபு. இந்நாளில் இல்லந்தோறும் பேசப்படும் மோட்டார் வண்டியை இந்நான்கனுள் எதன்பாற் படுத்துவது என்று ஒருவர் வினவின், விடை எளிதன்று. கால் தளர்ந்தார்க்கு அது காலின் தொழிலைச் செய்தலின் உடம்பிற்குத் துணையாய கருவியாம். குளிர்காற்றும் இசையும் மெத்தென்ற இருக்கையும் கருதி விரும்பப்படுங்கால் போகமாம். அயலார் காண வாயிலில் நிற்றலே அதன் பயனாயின், நான்கனுள் ஒன்றுமாகாது. ஆணவத்திற்கு இட்ட தீனியேயாம். வண்டி ஒன்றே, கொள்வார் கருத்தால் மூன்றாகின்றது. "கார் விலை ஏறிவிட்டது" என்னும் முறையீட்டை ஆராயப் புகுவார் இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது.

அம்முறையீடு புதுச்சேரி நகரின் மேற்கே, வில்லியனூர்ச் சாலையில் அமைந்த ரெட்டியார்பாளையத்திலும் கேட்கப்படுவதே. அச்சாலை முன்னரே நெருக்கமுடையது. இந்திராகாந்தி சதுக்கத்தைக் கடந்து ஊர் சேர்வதற்குள் நடப்பவன் முந்துவதும் காரிலுள்ளவன் பிந்துவதும் ஆங்கு அரியன அல்ல. வண்டி நிறுத்த இடமில்லாத சிறு மனைகளிலும் கார் வாங்கப்படுகின்றது. வாங்கியபின் அது தெருவிற் கிடக்கின்றது. விலை ஏறியதென்று வருந்துவாரும் வாங்குதலை நிறுத்தினாரல்லர். ஆகவே விலை ஏறியது எவ்வளவு, விருப்பம் ஏறியது எவ்வளவு என்று பிரித்துக் காண்டல் வேண்டும்.

1983 ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தபொழுது அதன் விலை ஏறத்தாழ 50,000 ரூபாய். அக்காலத்துத் தங்கம் சவரன் 1,500 ரூபாயை ஒட்டி விற்றது. எனவே அச்சிறு கார் 30 சவரனுக்கு மேற்பட்ட பொருள். 2025 செப்டம்பரில் சவரன் 80,000 ரூபாயைக் கடந்தது. அவ்வாண்டில் மிகச் சிறிய கார்களின் தொடக்க விலை 4 இலட்சத்திற்குள் இருந்தது. அஃதாவது, 5 சவரனுக்குள் அடங்கும். தங்கமும் தன் அளவு கடந்து ஏறிய பொருளாதலின் இவ்வளவுகோல் முற்றும் நேரியதன்று என்பார் கூற்று உண்மையே. ஆயினும் நம் நாட்டுப் பெண்டிர் குடும்பச் செல்வத்தைச் சவரனால் அளத்தல் மரபாதலின், அதனைத் தள்ளிவிடவும் இயலாது. 2008 இல் ஒரு இலட்சம் ரூபாய் விலையென்று அறிவிக்கப்பட்ட நானோ என்னும் கார், மலிவாயிருந்தும் நிலைபெறவில்லை. 2018 இல் அதன் உற்பத்தி நின்றது. ஏழையின் கார் என்னும் பெயர் அதற்கு வாய்த்தமையே அதனைப் பலர் விரும்பாமைக்கு ஒரு காரணமென்று அதனைச் செய்தோரும் பின்னர்க் கூறினர். இஃது ஊன்றி நோக்கத்தக்கது. மலிவு ஒரு குற்றமாயிற்று. மற்றொருபால், உயர்ந்து அகன்ற பெருவண்டிகளே இந்நாட்டில் விற்கும் பயணக் கார்களுட் பாதிக்கு மேற்பட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் சிறு கார்களுக்கு வரி 100க்கு 18 ஆகக் குறைக்கப்பட்டதும், பெரியவற்றிற்கு 40 ஆக வைக்கப்பட்டதும் யாவரும் அறிவர்.

அற்றேல், விலையேற்றம் அனைத்தும் வாங்குவார் ஆசையால் வந்ததோ எனின், அன்று. 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்றாண்டுப் பிறர்நலக் காப்புறுதி முன்னரே செலுத்துதல் கட்டாயமாயிற்று. 2020 ஏப்ரல் முதல் புகை நஞ்சைக் குறைக்கும் பாரத் 6 விதி நடைமுறைக்கு வந்தது. முன்னிருக்கை இரண்டிற்கும் காற்றுப்பை வைத்தலும் அதன்பின் விதிக்கப்பட்டது. இவற்றான் ஏறிய விலை உயிர்காத்தற்கும் பிறர்க்குத் தீங்கு குறைத்தற்கும் கொடுக்கும் விலை. இதனைக் குறைகூறுவார், அறத்தைக் குறைந்த விலைக்குக் கேட்பாராவர்.

ஊர்தியைப் பெருமைக்கு அடையாளமாக்கிய வழக்கம் மோட்டாரோடு தோன்றியதன்று. புதுச்சேரியில் 18 ஆம் நூற்றாண்டில் துபாஷியாயிருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளைக்கு, மேளவாத்தியத்துடன் பல்லக்கில் கவர்னர் மாளிகைக்குச் செல்லும் உரிமை தனிச்சிறப்பாக அளிக்கப்பட்டிருந்தது. பின்னாளில் பிரெஞ்சு ஆட்சியிலேயே, ஒருவர் அமர்ந்திருக்க மற்றொருவர் பின்னின்று தள்ளிச்செல்லும் 'புஷ்புஷ்' வண்டி அந்நகர் வீதிகளில் ஓடிற்று. அமர்ந்தவன் முகம் முன்னோக்கியிருந்தமையின், தள்ளுவான் வியர்வை அவன் கண்ணிற் படுவதில்லை. தவணையில் வாங்கப்படும் இக்காலக் காரையும் யாரோ ஒருவர் பின்னின்று தள்ளுகின்றனர். பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்டிரும் பிள்ளைகளுமே அவராவர்.

இனி, ஊர்தியைப் பற்றிச் சைவர்க்குத் தெளிவு தருவது திருஞானசம்பந்தர் வரலாறு. பிள்ளையார் தந்தையார் தோளில் அமர்ந்து செல்வதை விடுத்து, திருவரத்துறை நோக்கித் தம் சிற்றடிகள் நோவ நடந்தார். மாறன்பாடியில் இரவு தங்கியபொழுது, இறைவன் முத்துச் சிவிகையும் குடையும் சின்னமும் அவருக்கு அளிக்கும்படி அரத்துறை அன்பர்க்குக் கனவில் உணர்த்தியருளினான். அவர் அதனைக் கேட்டுப் பெற்றாரல்லர். நோவு கண்டு அருளப்பட்டது. பெற்றபின் அதனை மறுத்தாருமல்லர். ஐந்தெழுத்தை ஓதி வலம்வந்து தொழுது ஏறினார். எனவே ஊர்தி ஏறுதலே துறக்கத்தக்கது என்பது நம் சமயக் கொள்கையன்று. முத்தாற் செய்ததாயினும் குற்றமில்லை. பின்னர்த் திருப்பூந்துருத்தியின் எல்லையில், சிவிகை தாங்குவாருள் ஒருவராய்த் திருநாவுக்கரசர் வந்து தோள் கொடுத்ததை அறிந்த அக்கணமே, பிள்ளையார் இழிந்து வணங்கினார். ஏறியதும் இழிந்ததும் ஒரே உள்ளத்தின் செயல்கள். தம்மைத் தாங்குவார் யார் என்று அறிந்தமாத்திரத்தே இழியவல்லவர்க்குச் சிவிகை ஒருநாளும் சுமையாவதில்லை.

இவ்விடத்துக் குங்குலியக்கலயரை எடுத்துக்காட்டி, பொருளையெல்லாம் திருப்பணிக்கே செலவிடுதல் வேண்டும், கார் வாங்குதல் பாவம் என்பாரும் உளர். தாலியை விற்று நெல் வாங்கச் சென்றவர் குங்குலியம் வாங்கிய செயல், அன்பின் எல்லையிலே நின்றார் செயல். அன்றிரவு அவர் மனைவியாரும் மக்களும் பசித்துக் கிடந்தனர் என்பதை அவ்வரலாறு மறையாமற் கூறும். எடுத்துக்காட்டுவோரே அதனை விரைந்து கடந்துவிடுகின்றனர். அந்நிலை எய்தாதார் அதனைப் பின்பற்றப் புகின் மனைவி மக்கள்மேற் செய்யுங் கொடுமையாய் முடியும்.

ரெட்டியார்பாளையத்து இல்லறத்தான் ஒருவனை எண்ணுக. அவன் தாய் முதியவள். வாரந்தோறும் கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குச் செல்லவேண்டியவள். பேருந்துப் படியில் ஏற இயலாதவள். அவன் ஒரு சிறு காரை, பழையதாயினும், வாங்குதல் தாய்க்குச் செய்யும் தொண்டேயாம். அவனை நோக்கி ஆடம்பரக்காரன் என்பார் நாவடக்குக. ஆயினும் அவனும் ஒன்று கணக்கிட வேண்டும்: வாரம் ஒருமுறை வாடகை வண்டிக்கு ஆகுஞ் செலவு எவ்வளவு, தவணையும் எண்ணெயும் காப்புறுதியும் பழுதுபார்த்தலும் கூடி ஆகுஞ் செலவு எவ்வளவு என்பது. முன்னது குறைவாயின், தாயின் பெயரால் வாங்குவது தனக்கே வாங்குவதாகும்.

8 இலட்சம் ரூபாயை ஆண்டுக்கு 100க்கு 9 வட்டியில் ஏழாண்டுக் கடனாகப் பெற்றால், திங்கள்தோறும் ஏறத்தாழ 12,870 ரூபாய் வீதம் 84 தவணை. முடிவிற் செலுத்தியது 10,80,000 ரூபாய்க்கு மேல். இன்று செய்வது ஆகாமியமாய் ஏறி, பின் பிராரத்தமாய் வந்து ஊட்டப்படும் என்னும் கன்மநெறிக்கு இதனினும் தெளிந்த உவமை கிடைப்பதரிது. முதல் மாதத்திலேயே பழகிப்போன இன்பத்திற்கு எண்பத்துநான்காம் மாதமும் விலை கொடுக்கப்படுகின்றது. அவ்வேழாண்டும் அவன் வேலையை விடுதற்கும் அஞ்சுவான். அநீதியான மேலதிகாரியை மறுத்தற்கும் அஞ்சுவான். மகள் மேற்படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் வேறு பேச்சுக்கு மாறுவான். விலைச்சீட்டில் எழுதப்படாத விலை இது.

செல்வர்தம் நிலை வேறு. கடன் அவரை அச்சுறுத்தாது. அவரைப் பற்றிய செய்தி ஒன்று புதுச்சேரியின் பெயரோடு கலந்து 2017 இல் வெளிப்பட்டது. அந்நாளிற் கேரளத்தில் 20 இலட்சத்திற்கு மேற்பட்ட விலையுடைய கார்களுக்கு விலையில் 100க்கு 20 வரியாயிருக்க, புதுச்சேரியில் அதனினும் மிகக் குறைவாயிருந்தது. அதுகண்டு கேரளத்துச் செல்வரும் புகழ்பெற்றோருமாய பலர், கோடிக்கு அணித்தான விலையுடைய கார்களைப் புதுச்சேரி முகவரி காட்டிப் பதிந்து, தம் நாட்டுச் சாலைகளிலே ஓட்டினர் என்று குற்றஞ் சாட்டப்பட்டு வழக்குகள் எழுந்தன. அவ்வளவு பெரிய வண்டிக்குப் பணம் இருந்தது. அது ஓடும் சாலைக்குக் கொடுக்க இல்லையாயிற்று. காட்டப்பட்ட முகவரிகளிற் சென்று உசாவியபொழுது, அவ்வீடுகளிற் குடியிருந்த எளியோர் அக்கார்களையும் அறியார், அவற்றின் உடையாரையும் அறியார் என்பது அக்காலத்துச் செய்தித்தாள்களில் வெளிவந்தது.