போதை தெளிந்த பிறகு

சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ படத்தில் முக்கியமான மூவருக்கும் பெயர் கிடையாது. பணக்காரருக்கும் இல்லை, நாடோடிக்கும் இல்லை, பூ விற்கும் பார்வையற்ற பெண்ணுக்கும் இல்லை. ஒரு ராத்திரி அந்தப் பணக்காரர் குடித்துவிட்டு, கல்லைக் கட்டிய கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆற்றில் விழப் பார்க்கிறார். நாடோடி காப்பாற்றுகிறான். அந்த நிமிஷமே அவன் உயிர்த்தோழன் ஆகிவிடுகிறான். வீட்டுக்குக் கூட்டிப்போகிறார், விருந்து வைக்கிறார், ரோல்ஸ் ராய்ஸ் காரையே எடுத்துக்கொள் என்கிறார். விடிந்து போதை தெளிந்ததும் அவன் யாரென்றே அவருக்குத் தெரியவில்லை. வேலைக்காரர் வெளியே தள்ளுகிறார். சாயங்காலம் மறுபடி குடித்துவிட்டுத் தெருவில் அவனைப் பார்த்ததும் கட்டிப்பிடிக்கிறார். மறுபடி தெளிகிறது, மறுபடி வெளியே தள்ளுகிறார்கள்.

படம் வந்தது 1931-ல். பங்குச்சந்தை சரிந்து அமெரிக்கா முழுக்க வேலையில்லாமல் ஜனங்கள் நின்ற காலம். சாப்ளின் அப்போது பெரும் பணக்காரர்தான். ஆனால் ஏழு வயதில் லண்டன் லாம்பெத்தில், போக்கிடமற்ற ஏழைகளை வைத்து வேலை வாங்கும் விடுதியில் தாயோடு போய்ச் சேர்ந்தவர். கொடுக்கிறவர்களின் முகம் எப்போது மலரும், எப்போது இறுகும் என்று கீழேயிருந்து பார்த்துக் கற்ற குழந்தைதான் இந்தப் பாத்திரத்தை எழுதியிருக்கிறது என்று நம்புகிறேன்.

தூத்துக்குடியில் ஒரு கத்தோலிக்கப் பங்கில், ஏழைக் குடும்பங்களுக்கு உதவும் குழுவில் பல வருடங்களாக இருக்கிறேன். தவக்காலத்தில் உண்டியல் நிறையும். கிறிஸ்துமஸ் சமயத்தில் சேலையும் கேக்கும் வைக்க இடம் இருக்காது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது நோட்டு வாங்கக் காசு இருக்காது. ஐப்பசியில் மழை இறங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுபோகும். அளத்துக்குப் போகிறவர்கள் வட்டிக்கு வாங்கிச் சாப்பிடும் அந்த நாட்களில் உண்டியலைத் திறந்தால் சில்லறைதான் கிடக்கும். எங்கள் பங்கு மக்கள் கல்நெஞ்சர்கள் இல்லை. அந்தப் பணக்காரரும் கெட்டவர் இல்லை, ராத்திரியில் அவரைப்போல் நல்லவர் கிடையாது. அவருக்கு உருக்கம் வருகிற நேரமும் நாடோடிக்குப் பசிக்கிற நேரமும் ஒன்றாக இல்லை என்பதே சிக்கல். பக்தியின் உருக்கமும் அப்படித்தான். திருநாள் முடிந்தால் தெளிந்துவிடும்.

அப்படியானால் தருமம் என்பது கொடுக்கிறவரின் மனம் இளகுவதா, பெறுகிறவருக்கு உரியதை அவரிடம் சேர்ப்பதா? நான்காம் நூற்றாண்டிலேயே புனித பசீலியார் இதற்குத் தயவுதாட்சண்யம் இல்லாமல் பதில் சொல்லிவிட்டார்: நீ பூட்டிவைத்திருக்கும் ரொட்டி பசித்தவனுடையது. புனித அம்புரோசியாரும் அதையேதான் சொன்னார். ஏழைக்குக் கொடுக்கும்போது உன்னுடையதைக் கொடுக்கவில்லை, அவனுடையதைத் திருப்பித் தருகிறாய் என்றார். 1967-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் தம் சுற்றுமடலில் அம்புரோசியாரின் இந்த வாக்கை எடுத்து உலகத்துக்கே நினைவூட்டினார். கடனைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் மனம் இளக வேண்டியதில்லை. தேதி தெரிந்தால் போதும்.

லூக்கா நற்செய்தியில் வரும் பணக்காரனையும் இலாசரையும் பற்றி எத்தனையோ மறையுரை கேட்டிருக்கிறேன். வாசலில் கிடந்த ஏழையை அவன் கவனிக்கவே இல்லை என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. செத்து நெருப்பில் கிடக்கும்போது அவன் ஆபிரகாமிடம் என்ன கேட்கிறான்? இலாசரை அனுப்பும், விரல்நுனியால் தண்ணீர் தொட்டு என் நாவை நனைக்கட்டும் என்கிறான். பெயர் தெரிந்திருக்கிறது! தினமும் தன் வாசலைத் தாண்டும்போது பெயரோடு தெரிந்தவனைத்தான் அப்படியே விட்டிருக்கிறான். நரகத்திலும் இலாசரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள், தன் சகோதரர்களிடம் சேதி சொல்ல ஓர் ஆள், அவ்வளவுதான். சாப்ளினின் பணக்காரருக்காவது தெளிந்தபிறகு நாடோடியை உண்மையிலேயே தெரியாது. தெரிந்தும் விட்டவன் பாவமே பெரிது என்பேன்.

பூ விற்ற அந்தப் பெண்ணை இந்தப் பணக்காரர்கள் இருவருக்கும் எதிரில் வைத்துப் பார்க்கிறேன். நாடோடி கொடுத்த பணத்தால் பார்வை பெற்று, இப்போது சொந்தப் பூக்கடை வைத்திருக்கிறாள். அந்தப் பணத்துக்காகச் சிறைக்குப் போய்க் கந்தலோடு திரும்பியவனைக் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து பார்த்துச் சிரிக்கிறாள். பிறகு இரக்கப்பட்டு ஒரு பூவும் ஒரு காசும் கொடுக்க வெளியே வருகிறாள். அதுவரை அவளும் வாசலுக்கு உள்ளே இருப்பவள்தான். காசை அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தும்போது கைக்குத்தான் அடையாளம் தெரிகிறது, கண்ணுக்கு அல்ல. தன் வாழ்க்கையே இந்தக் கை கொடுத்தது என்று அவளுக்குப் புரிகிறது. கொடுக்க வந்தவள் கடன்பட்டவள் ஆகிறாள். அம்புரோசியார் சொன்னதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டி நான் பார்த்ததில்லை.

இந்தப் படம் ஏழையைப் புனிதனாக்கவில்லை. அதனால் எனக்கு இன்னும் பிடிக்கிறது. ரோல்ஸ் ராய்ஸில் போகும் நாடோடி, நடைபாதையில் ஒருவர் எறிந்த சுருட்டுத் துண்டைப் பார்க்கிறான். காரை நிறுத்தி இறங்கி, அதை எடுக்கக் குனிந்த இன்னொரு ஏழையை இடித்துத் தள்ளிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விடுகிறான். தள்ளப்பட்டவன் திகைத்து நிற்கிறான். ஏழையும் தள்ளுவான், பொய் சொல்வான், குடிப்பான். நல்லவனாக இருந்தால்தான் சோறு என்று எந்த வேதமும் சொல்லவில்லை.

எங்கள் குழுவில் இப்போது இதுதான் வழக்கு. உப்பளத்துக்குப் போகும் ஒரு குடும்பம். கணவன் குடிக்கிறான் என்று தெரிந்ததால் மாத அரிசியை நிறுத்திவிடலாம் என்றார்கள். வீட்டுக்குப் போனபோது அந்த அம்மா சொன்னது: “அய்யா, பகல் முழுக்க அந்த வெள்ளை வெயில்ல கண் எரிய நின்னுட்டு வர்றாரு. குடிக்காதீங்கன்னு நானுந்தான் சண்டை போடுதேன். அரிசியப் பொங்குறது நான், திங்கிறது பிள்ளைக.” சாப்ளினின் பணக்காரர் படம் முழுக்கக் குடிக்கிறார். அதற்காக அவருக்கு ஒரு காசையும் யாரும் நிறுத்தவில்லை. எங்களுக்குப் பணம் தருகிறவர்களிலும் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் விசாரிப்பதில்லை.

விண்ணப்பத் தாளில் குடிப்பழக்கம் பற்றிய கேள்வியை எடுத்துவிட வேண்டும், வருகிற பணத்தில் ஒரு பங்கை ஜூனுக்கும் மழை மாதங்களுக்கும் முன்கூட்டியே ஒதுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று பங்குத்தந்தை சொல்லியிருக்கிறார். முடிவு ஆகும்வரை அந்த வீட்டுக்கு அரிசி நிற்கக்கூடாது என்று கேட்டேன், நிற்கவில்லை.